பசுவுக்கும் கன்றுக்கும் தீவனக் கணக்கு: தொழுவத்தில் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கன்னுக்கு மூணு லிட்டர் விட்டா நூறு ரூவா போச்சு." கணக்கு தப்பில்லை. லிட்டர் 38 ரூபாய் என்றால் மூன்று லிட்டர் 114 ரூபாய். அதனால்தான் பலர் கன்றை ஒரு காம்பில் நாலு வாய் குடிக்க விட்டுவிட்டு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் கிடாரி (இன்னும் ஈனாத இளம் பசு) சினை பிடித்தபோது அதற்கு இரண்டரை வயது தாண்டியிருந்தது. அன்றைக்குப் பேனா எடுத்து உட்கார்ந்து போட்ட கணக்கிலிருந்து வளர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

இரண்டு முதல் ஐந்து கலப்பின ஜெர்சி மாடு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்குக்காகச் சில விலைகளை எடுத்துக்கொள்கிறேன்: பால் லிட்டர் 38 ரூபாய், அடர் தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த மூட்டைத் தீவனம்) கிலோ 30, வைக்கோல் கிலோ 8. சொந்தத் தோட்டத்துப் பசுந்தீவனத்துக்கு உரம், தண்ணீர், அறுப்புக் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ 2 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

படி 1: முதலில் எடை

மாடு எவ்வளவு எடை என்று தெரியாமல் தீவனம் போடுவது குத்துமதிப்பு வேலை. எடைமேடை தேவையில்லை, தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம் ஒரு அளவு, இரண்டும் அங்குலத்தில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. மாடு நேராக நிற்கும்போது, காலையில் தீவனம் போடுவதற்கு முன்னால் அளந்தால் தவறு குறைவு.

கறவை மாடு ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் உலர் தீவனம் தின்னும். 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. உலர் என்றால் தண்ணீரைக் கழித்துவிட்டு மிஞ்சுவது. அடுத்த படி முழுக்க இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நிற்கிறது.

படி 2: கிலோ விலையைப் பார்க்காதீர்கள், தண்ணீரைக் கழியுங்கள்

பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அப்படியானால் 2 ரூபாய்ப் பசுந்தீவனத்தின் உலர் கிலோ விலை 10 ரூபாய். வைக்கோலில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம், அதனால் 8 ரூபாய் வைக்கோல் உலர் கணக்கில் 9 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. 30 ரூபாய் அடர் தீவனம் 33 ரூபாய் ஆகிறது. சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளித் திப்பியை (மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) ஈரமாக வாங்கி வருகிறவர்கள் "மலிவு" என்பார்கள். வண்டி வாடகையில் பெரும்பகுதி தண்ணீரைச் சுமக்கவே போகிறது. தவிர, திப்பியில் மாவுச்சத்து உண்டு, புரதம் இல்லை என்றே சொல்லலாம். வயிறு நிறையும், பால் ஏறாது.

புரதத்துக்குத் தனியாக ஒரு கணக்கு போட வேண்டும். தீவனத்தின் விலையை அதில் உள்ள புரத அளவால் வகுத்தால், ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று தெரியும். 20 சதவீதப் புரதம் உள்ள மூட்டைத் தீவனம் 30 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதம் 150 ரூபாய். 40 சதவீதப் புரதம் உள்ள கடலைப் புண்ணாக்கு 45 ரூபாய்க்குக் கிடைத்தால் 112 ரூபாய்தான். 12 சதவீதம் உள்ள அரிசித் தவிடு 20 ரூபாய் என்றால் 167 ரூபாய். விலை குறைந்த தவிடுதான் இங்கே விலை கூடிய புரதம். சொந்தத் தோட்டத்து வேலிமசால் (பயறுவகைத் தீவனப் பயிர்), உலர் எடையில் 20 சதவீதப் புரதம் என்று வைத்தால், 50 ரூபாயில் முடிந்துவிடும். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் புரத அளவு அச்சிட்டிருப்பார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் வகைக் கால்நடைத் தீவனத்துக்குக் குறைந்தது 22 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம் இருக்க வேண்டும். சீட்டே இல்லாத மூட்டையை நான் வாங்குவதில்லை.

இந்த இடத்தில் அசோலாவைப் பற்றி, அதாவது தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பாசி போன்ற தீவனத்தைப் பற்றி, ஒரு வார்த்தை. ஊர் முழுக்கத் தொட்டி கட்டி, வீடியோ போட்டுப் புகழ்கிறார்கள். அசோலாவில் புரதம் நிறைய இருப்பது உண்மைதான், உலர் எடையில் கால் பங்கு இருக்கும். ஆனால் உலர் எடையே 6 சதவீதம்தான். இரண்டு கிலோ அசோலா அள்ளிப் போட்டால் உலர் எடை 120 கிராம், அதில் புரதம் 30 கிராம். அதே புரதம் அடர் தீவனத்தில் 150 கிராமில் கிடைக்கும், நாலரை ரூபாய் பெறுமானம். தொட்டி கழுவி, சாணி கரைத்து, அள்ளி அலசிப் போடும் நேரத்துக்கு இது கட்டுப்படியாகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் ஆள் இருந்தால் சரி. கூலிக்கு ஆள் வைத்து அசோலா வளர்ப்பது வீண்.

படி 3: பசுவின் ஒரு நாள்

நாள் ஒன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் 400 கிலோ மாடு. பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் 4 கிலோ, அடர் தீவனம் 5 கிலோ, தாது உப்பு ஒரு கைப்பிடி. செலவு 40, 32, 150, 5. ஆக 227 ரூபாய். பால் 380 ரூபாய். கையில் 153 நிற்கும். ஆள் கூலி, மருந்து, கடன் வட்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

அடர் தீவனத்துக்குப் பழைய வாய்பாடு: உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. நல்ல பயறுவகைத் தீவனம் இருந்தால் அரை கிலோ குறைக்கலாம், மேலே 5 கிலோ என்று போட்டது அப்படித்தான். பலர் செய்யும் தவறு, கறவை குறைந்த பிறகும் அதே படியில் அள்ளிப் போடுவது. மாடு 4 லிட்டருக்கு இறங்கிவிட்டால் பால் வருமானம் 152 ரூபாய், தீவனம் அப்படியே 227. மாதம் ஒருமுறை அளந்து குறைக்க வேண்டும். அதற்காக எதிர்ப்பக்கம் போய், பால் ஏறட்டும் என்று வைக்கோலை நிறுத்திவிட்டு அடர் தீவனத்தைக் கொட்டினால் பாலில் கொழுப்பு இறங்கும். சொசைட்டியில் கொழுப்பையும் டிகிரியையும் (பாலின் அடர்த்தி அளவு) பார்த்துத்தான் காசு, லிட்டர் கூடியும் பணம் கூடாது.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பால் வற்றிய மாடு நாளைக்கு 137 ரூபாய் தின்னும் (அடர் தீவனம் 2 கிலோ, மற்றவை அதே அளவு). ஈனுவதற்கு முன் 60 நாள் ஓய்வு கட்டாயம் வேண்டும், அதற்கு 8,220 ரூபாய். வயிற்றுக் கன்று வேகமாக வளர்வதும் கடைசி இரண்டு மாதங்களில்தான், அங்கே கை வைக்க வேண்டாம். ஆனால் சினை பிடிக்கத் தாமதமாகி அதே மாடு 150 நாள் வற்றி நின்றால் 20,550 ரூபாய். சினைப் பருவத்தில் மாடு கத்துவதைக் கவனிக்காமல் ஒரு பருவத்தை விட்டால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். அந்த 21 நாளுக்கு 2,877 ரூபாய். தீவன விலையில் ஒரு ரூபாய் குறைப்பதற்கு அலைகிறவர்கள், சினை ஊசி போட்ட தேதியைச் சுவரில்கூட எழுதி வைப்பதில்லை.

படி 4: சீம்பால்

கன்று பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று, ஒன்றரை லிட்டர் சீம்பால் உள்ளே போக வேண்டும். கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல்தான் பிறக்கிறது, அது தாயின் சீம்பாலில் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே இரத்தத்துக்குள் விடுவது சில மணி நேரங்களுக்குத்தான். நேரம் ஆக ஆகக் கதவு சாத்திக்கொண்டே வரும், ஒரு நாள் ஆனால் மூடிவிடும். அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் அது வெறும் பால்தான்.

"நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் ஊட்டணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கன்றை மடியில் விடுங்கள். கன்று முட்டிக் குடிக்கும்போது மாட்டின் உடம்பில் சுரப்பதே கருப்பையைச் சுருங்க வைத்து நஞ்சுக்கொடி விழ உதவும். காத்திருப்பதால் இரண்டு பக்கமும் நஷ்டம். இன்னொரு பழக்கம், அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்து அனுப்புவது. கொடுங்கள், நல்ல விஷயம், எனக்கும் ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய சீம்பால் பிடிக்கும். முதல் நாள் கறவையில் கன்றின் பங்கு, அதன் எடையில் பத்தில் ஒன்று, போன பிறகு மிச்சத்தில் சொம்பை நிரப்புங்கள்.

தொப்புள்கொடி நுனியில் டிங்சர் அயோடின் வைக்க மறக்க வேண்டாம். சீழ் பிடித்து மூட்டு வீங்கிய கன்றுக்கு மருத்துவர் வருவதற்கே ஆகும் செலவு அந்தப் பாட்டில் விலையைவிடப் பல மடங்கு.

படி 5: பால் எத்தனை நாள்?

பாரம்பரியக் கணக்கு: முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. கன்றும் வளர்வதால் எல்லா மாதமும் ஏறக்குறைய நாளுக்கு 3 லிட்டரை ஒட்டியே வரும். மொத்தம் 250 லிட்டர், 9,500 ரூபாய்.

இதைக் குறைக்க வழி உண்டு, ஆனால் அது பாலை நிறுத்துவதல்ல. வயிற்றைச் சீக்கிரம் தயார் செய்வது. பிறந்த கன்றுக்கு அசை போடும் பெருவயிறு சின்னதாகச் சும்மா கிடக்கும். குடிக்கும் பால் அதைத் தொடாமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். பெருவயிற்றை வளர்ப்பது தானியம். அது அங்கே புளித்து உண்டாகும் அமிலங்கள்தான் உட்சுவரைத் தடிக்க வைக்கின்றன. வைக்கோலை மென்றுகொண்டிருக்கும் கன்றுக்கு வயிறு பெரிதாகும், உட்சுவர் வளராது. பானை வயிறும் ஒட்டிய முதுகுமாக நிற்கும் கன்றுகளைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

ஆகவே இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனம். பால் குடித்து முடித்தவுடன் விரலில் கொஞ்சம் எடுத்து வாயில் தடவுங்கள், இரண்டு மூன்று நாளில் தானாக நக்க ஆரம்பிக்கும். கலவையை வீட்டிலேயே செய்யலாம்: நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 17, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் கன்றுக்கு வேண்டாம், அந்த நஞ்சைப் பெரிய மாட்டைவிடக் கன்று தாங்காது. அப்புறம் தண்ணீர். "பாலே குடிக்குது, தண்ணி எதுக்கு?" என்பார்கள். பால் பெருவயிற்றுக்குப் போவதில்லை, தண்ணீர் போகும். தண்ணீர் இல்லாமல் அங்கே எதுவும் புளிக்காது. முதல் வாரத்திலிருந்தே ஒரு சின்ன வாளியைக் கட்டி வையுங்கள்.

இப்படித் தயார் செய்தால் 45 நாள் 3 லிட்டர், அடுத்த 15 நாள் ஒன்றரை லிட்டர், இரண்டு மாதத்தில் பால் நிறுத்தம். மொத்தம் 158 லிட்டர், சுமார் 6,000 ரூபாய். கூடுதலாகத் தின்னும் கன்றுத் தீவனம் 25 கிலோ, கிலோ 35 ரூபாய் என்றால் 875. நிகர மிச்சம் ஏறக்குறைய 2,600 ரூபாய். ஆனால் தேதியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். கன்று தொடர்ந்து மூன்று நாள் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தீவனம் தின்றதா என்று பார்த்து நிறுத்துங்கள். தின்னவில்லையா, இன்னும் ஒரு வாரம் பால் போகட்டும்.

மடியிலேயே ஊட்டுகிறவர்களுக்கு ஒரு சிக்கல்: கன்று எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாது. வாரம் ஒருநாள், கன்றுக்கு விடும் காம்பையும் செம்பில் கறந்து அளந்துவிட்டு, அந்தப் பாலைச் சூடு ஆறுவதற்குள் வாளியில் கொடுங்கள். நான் முதல்முறை அளந்தபோது, "தாராளமா விடுறோம்" என்று நினைத்த காம்பில் முக்கால் லிட்டர்தான் இருந்தது.

படி 6: கிடாரி வளர்ப்பு, கணக்கு தலைகீழாகும் இடம்

மூன்று மாதம் தாண்டிய கிடாரியை யாரும் கவனிப்பதில்லை. பால் தராது, கத்தாது, மாட்டுக்குப் போட்டதில் மிச்சம் இதற்கு. கலப்பின ஜெர்சி கிடாரிக்கு 250 கிலோவை ஒட்டி முதல் சினை ஊசி போடலாம். வயதைவிட எடைதான் பருவத்தைத் தீர்மானிக்கும். 27 கிலோவில் பிறந்த கன்று இன்னும் 223 கிலோ ஏற வேண்டும்.

நாளுக்கு 450 கிராம் ஏறினால் 495 நாள், பதினாறரை மாதம். 250 கிராம்தான் ஏறுகிறது என்றால் 892 நாள், இரண்டரை வயது. என் முதல் கிடாரி.

நன்றாக வளர்க்கச் சராசரியாக நாளுக்கு அடர் தீவனம் ஒன்றேகால் கிலோ, பசுந்தீவனம் 7 கிலோ, வைக்கோல் ஒன்றரை கிலோ, தாது உப்பு; 66 ரூபாய். சிக்கனமாக வளர்த்தால் அடர் தீவனம் 400 கிராம், பசுந்தீவனம் 4 கிலோ, மீதி வைக்கோல், 40 ரூபாய். நாளுக்கு 26 ரூபாய் மிச்சம் என்றுதான் நான் சந்தோஷப்பட்டேன்.

66 ரூபாய் வீதம் 495 நாளுக்கு 32,670. 40 ரூபாய் வீதம் 892 நாளுக்கு 35,680. சிக்கனம் 3,010 ரூபாய் அதிகம் தின்றிருக்கிறது. அதோடு 397 நாள் தாமதம். ஓர் ஆண்டுக்கும் மேலாக அந்த இடத்தில் ஒரு கறவை மாடு நின்றிருக்கலாம். காரணம் எளிது. கன்று தின்பதில் ஒரு பகுதி உயிரோடு நிற்கவே போகும், மிஞ்சுவதுதான் வளர்ச்சி. குறைவாகப் போட்டால் உயிரோடு நிற்பதற்கான செலவை அதிக நாள் கட்டுகிறோம்.

அதற்காகக் கொழுக்க வைக்கவும் கூடாது. மடி உருவாகும் வயதில் கொழுப்பு ஏறினால் பால் சுரக்கும் திசு குறையும், சினை பிடிப்பதும் சிரமம். 400 முதல் 500 கிராம் போதும்.

குடற்புழுவுக்கு இங்கேயே இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் அது தீவனச் செலவுதான். உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே கன்றுக்கு வந்துவிடும். அதனால் முதல் மருந்து 10 முதல் 14 நாளில், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

படி 7: காளைக் கன்று

மேலே சொன்ன கணக்கு எதுவும் கலப்பினக் காளைக் கன்றுக்குப் பொருந்தாது. ஏரும் வண்டியும் போனபின் அதை வாங்குவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பொள்ளாச்சி சந்தையில் கேரள வியாபாரிகளின் லாரியைப் பார்க்காதவர்கள் இல்லை. வளர்த்து விற்றால் செலவுக்குத் தேறுமா என்று இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், அடர் தீவனம் வாங்கிப் போட்டால் தேறவில்லை. மேய்ச்சல் நிலம் இருப்பவர்களுக்கு வேறு விடை வரலாம். பட்டினி போட்டுச் சாகவிடுவது மட்டும் விடையல்ல. கன்று செத்தால் சில மாடுகள் பாலையும் அடக்கிக்கொள்ளும். பாலினம் பிரித்த விந்து ஊசியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரிக் கன்றாகப் பிறக்கும். ஊசி விலை கூடுதல் என்றாலும், சினை பிடிக்கும் நல்ல கிடாரிக்கு அதைப் போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாட்டுக்குப் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

படி 8: நிலம்

கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல் ரகங்களை ஆண்டுக்கு ஏழு முறை அறுக்கலாம். முதல் அறுப்பு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒன்று. எக்டேருக்கு ஆண்டில் 360 முதல் 400 டன் வரை என்பது ஆராய்ச்சி நிலைய அளவு. நம் கையில் அதில் பாதி என்று வைத்தாலும், தண்ணீர் உள்ள 10 சென்ட் ஒரு மாட்டுக்குத் தினமும் 20 கிலோ தரும். மூன்று பங்கு நேப்பியருக்கு ஒரு பங்கு வேலிமசால் என்று நடுங்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதை மட்டுமே போடுவது நல்லதல்ல. வரப்பில் அகத்தி. தீவனச் சோளத்தைப் பூக்கும் முன் அறுத்துப் போடாதீர்கள், இளஞ்சோளத்தில் உள்ள நஞ்சால் மாடு நின்ற இடத்திலேயே விழும். தட்டை முழுசாகப் போட்டால் காலடியில் மிதிபட்டே கணிசமாக வீணாகும், வெட்டிப் போடுங்கள்.

கோடையில் வைக்கோலைத் தவிர வேறு இல்லை என்றால் யூரியா ஊட்டம் கைகொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூட வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்றால் இதற்கு யூரியாச் செலவு 24 ரூபாய்தான். திறந்ததும் வாடை போகக் கொஞ்ச நேரம் ஆற வைத்துப் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கலந்தோ தீவனத்தில் தூவியோ நேரடியாகக் கொடுக்கவே கூடாது. கரைத்து மிச்சம் வைத்த வாளியை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

படி 9: நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு. மாட்டுக்கு ஒரு பக்கம்: தினசரிப் பால், வாங்கிய தீவனம், சினை ஊசித் தேதி. கன்றுக்கு ஒரு பக்கம்: மாதம் ஒருமுறை நாடா அளவு. போன தையில் என் நோட்டில் ஒரு கிடாரிக்குச் சுற்றளவு 42, நீளம் 40. எடை 107 கிலோ. மாசியில் 44, நாற்பத்தொன்றரை, 122 கிலோ. ஒரு மாதத்தில் 15 கிலோ, நாளுக்கு 500 கிராம். நாடாவில் இரண்டு அங்குலம் ஏறினால் நிம்மதி.

பங்குனியில் அரை அங்குலம்தான் ஏறியது. சாணியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், புழு இல்லை. தீவனம் அதே தீவனம். ஒருநாள் மாலை தீவனம் போட்டுவிட்டு வீட்டுக்குள் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் கட்டியிருந்த பெரிய கிடாரி தன் பங்கை முடித்துவிட்டு, தும்பை இழுத்து, கழுத்தை நீட்டி இதன் தொட்டியையும் காலி செய்துகொண்டிருந்தது. கயிற்றை ஒரு முழம் குறைத்துக் கட்டினேன்.